பரிமாறும் ஜன்னல்

ரோஷினியைப் பற்றி விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? தெரியும். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். உட்காருங்கள் சார். ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம். அது பார்ப்பதற்கு மட்டும்தான். உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். அந்தப் பெண் தேடிப் பிடித்து வாங்கிப் போட்டது. இந்தப் பிரம்பு நாற்காலிக்கு வாருங்கள். அப்பா காலத்தது. இதை ஒன்றையாவது காப்பாற்றினேன். இதற்குப் புதுப் பிரம்பு பின்னச் சொன்னதும் அவள்தான், அதை விடுங்கள்.

உங்கள் வீடும் உங்கள் அப்பா கட்டியதா? அறுபத்தொன்றிலா? அப்படியானால் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்றால் யாரென்று நினைக்கிறீர்கள்? நன்றாக இருக்கிற வீட்டுக்குள் நுழைந்து, இடுப்பில் கைவைத்து நின்று, உதட்டைப் பிதுக்குவதற்குப் படித்துவிட்டு வருகிறவர்கள். அதற்கு ஐந்து வருடப் படிப்பு. நான் முப்பத்துநான்கு வருடம் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். எந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

நான் கூப்பிடவில்லை. பெங்களூரில் இருக்கிற என் மகள் இவா அனுப்பிவைத்தாள். "அப்பா, ஹால் ஒழுகுது. அம்மாவுக்கு முட்டுவலி, சமையல் மேடை உயரம் சரியில்லை. கண்ணை மூடிக்கிட்டு ரோஷினிகிட்ட விடுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறாள் பாருங்கள், என் வீட்டில்.

முதல் நாள் வந்ததும் அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? செருப்பைக் கழற்றிவிட்டு, இதோ இந்த இடத்தில் மண்டியிட்டு, மொசைக் தரையைத் தடவினாள். "சார், இந்தச் சிப்பிச் சில்லெல்லாம் ஒவ்வொண்ணா கையால பதிச்சிருக்காங்க" என்றாள். நாடகம். ஐம்பத்தொன்பது வருடமாக நான் நடக்கிற தரை. எனக்குத் தெரியாததா? குனிந்து பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் கூரை. இரண்டாயிரத்து நான்கில் எல்லோரும் தெர்மோகோல் சீலிங் போட்டார்கள், நானும் போட்டேன். அதைப் பிரித்தாள். உள்ளே அப்பா செய்துவைத்த அலங்காரப் பட்டை, ஓரம் முழுக்க மூன்று வரி ஓடுகிறது. "இதையா சார் மறைச்சு வச்சிருந்தீங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். கூலியாட்கள் முன்னால் கேட்கிற கேள்வியா இது?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஜினியர் அருமைநாதன் என்றால் அந்தக் காலத்துப் பாளையங்கோட்டையில் தெரியாதவர்கள் இல்லை. பொதுப்பணித்துறை. ஐம்பத்தேழில் அவர் இந்த வீட்டைக் கட்டும்போது ஊரே வந்து வேடிக்கை பார்த்ததாம். சாய்ந்து நிற்கிற போர்டிகோ தூண்கள், வட்டமான ஜன்னல், முக்கோணம் முக்கோணமாக வளைத்த கம்பி. "அருமைநாதன் வீடு கட்டுதாரா, கப்பல் கட்டுதாரா?" என்று கேட்டார்களாம். அதோ சட்டத்துக்குள் தொங்குகிறதே, அதுதான் அவர் கையால் வரைந்த பிளான். நீலத்தாள். நான்தான் கண்ணாடி போட்டு மாட்டினேன். முப்பது வருடமாக இந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி விளக்கம் சொல்லியிருக்கிறேன். வரலாற்றுக்காரன் சார் நான். ஆவணத்தின் அருமை எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுவர்.

உங்கள் எதிரே இருக்கிற இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. ரோஷினி இதன் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை. உதடு. "சார், சமையலறை ரொம்ப இருட்டு. ஆன்ட்டி நாள் முழுக்க அதுக்குள்ள நிக்கிறாங்க. இந்தச் சுவர்ல ஒரு திறப்பு வச்சா ஹால் வெளிச்சம் உள்ள போகும்."

நான் அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். பாரம்மா, இது அருமைநாதன் வைத்த சுவர். அவர் எதையும் யோசிக்காமல் வைத்ததில்லை. சமையலறை சமையலறையாக இருக்க வேண்டும், ஹால் ஹாலாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தத் தலைமுறைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. உங்கள் தலைமுறைக்குச் சுவரைக் கண்டாலே கை அரிக்கிறது. இதில் ஒரு கல்லைத் தொட்டாலும் வேலை நின்றுவிடும்.

என் மனைவி லீலா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "நீயே சொல்லு லீலா" என்றேன்.

"உங்க வீடு. உங்க அப்பா சுவரு" என்றாள்.

கேட்டாயா என்று நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இதுதான் லீலா. அதிகம் பேச மாட்டாள், பேசினால் என் பக்கம் பேசுவாள். எம்.எஸ்சி. படித்தவள் சார், விலங்கியல். ஆனாலும் அந்தத் தலைக்கனம் கிடையாது. என் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி பேசாத மனைவி என்று.

அடுத்த வாரம், சுவருக்குள் கரண்ட் பைப் பதிக்க சுடலைமணி என்கிற கொத்தனார் வந்தார். உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். நகர்ந்து இரண்டு தட்டு. காதை வைத்துக் கேட்டார். டாக்டர் தோற்றார் போங்கள். பூச்சைக் கொஞ்சம் உதிர்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அய்யா, இந்தச் சுவரு எப்ப வச்சது?"

"ஐம்பத்தேழு."

"இந்தப் பக்கம் அம்பத்தேழுதான். நாட்டுச் செங்கல்லு, சுண்ணாம்புக் காரை. இங்க நடுவுல பாருங்க. நாலடி அகலத்துக்குச் சேம்பர் கல்லு, சிமெண்டுப் பூச்சு. இது பெறவு வச்சதுல்லா?"

"அதெல்லாம் கிடையாது. உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

"மேல லிண்டல் போட்டிருக்கே அய்யா. கதவோ ஜன்னலோ இல்லாத சுவத்துக்கு எவனாவது லிண்டல் போடுவானா? இது அடைச்ச ஜன்னலு."

உடனே அந்த ரோஷினி என்ன செய்தாள்? என்னைத் தாண்டிக்கொண்டு நேராக அந்தப் பிளானிடம் போனாள். நான் மாட்டிவைத்த பிளான். கண்ணாடி மேல் விரலை வைத்தாள். "இங்க இருக்கு சார். 'பரிமாறும் ஜன்னல், நாலுக்கு இரண்டரை'ன்னு உங்க அப்பாவே எழுதியிருக்காங்க. மேசைக்கு நேரா வச்சிருக்காங்க. எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க!"

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருந்தது. அப்பாவின் சாய்ந்த எழுத்து.

முப்பது வருடம் விளக்கம் சொன்ன ஆவணம், சார். நீங்கள் சிரிக்க வேண்டாம். எல்லா ஆவணத்திலும் எல்லா எழுத்தையும் யாரும் படிப்பதில்லை. நான் போர்டிகோவைத்தான் விளக்குவேன்.

ஆனால் அசரவில்லை. யார் அடைத்திருப்பார்கள் என்று உடனே ஆராயத் தொடங்கினேன். அம்மாதான் என்றேன். அம்மாவுக்கு அந்நியர்கள் கண்ணில் படுவது பிடிக்காது, சொல்லி அடைக்க வைத்திருப்பாள். கால்மணி நேரம் காரணகாரியத்தோடு விளக்கினேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சுடலைமணி மட்டும் ஒரு கல்லைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த முத்திரை போட்ட சூளையே தொண்ணூறுக்குப் பெறவுதான் அய்யா வந்துச்சு. உங்க அம்மா எப்ப தவறுனாங்க?"

அம்மா எண்பத்தொன்பதில் போய்விட்டாள். மறு வருடம் அப்பா.

அப்போது லீலா எல்லோருக்கும் தேநீர்த் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கொத்தனாரைப் பார்த்துச் சொன்னாள்:

"தொண்ணூத்திரெண்டு டிசம்பர் பதினெட்டு. வெள்ளிக்கிழமை. நான் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு கலக்கிட்டு இருந்தேன். கொத்தனாரு இந்தப் பக்கம் நின்னு கல்லு அடுக்கிக்கிட்டே வந்தாரு. எனக்கு முதல்ல மேசை மறைஞ்சுது. அப்புறம் வாசல் மறைஞ்சுது. கடைசிக் கல்லுக்கு முன்னால, 'எம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க'ன்னு கேட்டாரு. அந்த ஓட்டை வழியா டம்ளரை நீட்டினேன். குடிச்சுட்டு டம்ளரை அந்தப் பக்கமே வச்சுட்டு, கல்லை வச்சு அடைச்சுட்டாரு. நான்தான் சுத்திவந்து எடுத்தேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வார்த்தை இவளிடம் இருக்கிறதா என்று.

"யார் ஆன்ட்டி அடைக்கச் சொன்னது?" என்று ரோஷினி கேட்டாள். கேட்க வேண்டுமா? நாசூக்கு என்று ஒன்று சொல்லித்தருவதில்லையா அந்தக் கல்லூரியில்?

லீலா என்னைக் காட்டவில்லை. பெயரும் சொல்லவில்லை. தேநீரை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள், அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்தியமாக அப்போதுதான். "புகை வந்தது லீலா. ஹாலெல்லாம் புகை" என்றேன்.

"கேஸ் அடுப்பு. எங்க அப்பா கொடுத்தது."

"தாளிக்கிற புகை."

லீலா காலித் தட்டை எடுத்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அட்டை."

ரோஷினிக்குப் புரியவில்லை. சுடலைமணிக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

உங்களுக்கும் புரியாது. சொல்கிறேன். வெளியாள் நீங்கள், சொல்லலாம். கல்யாணமாகி மூன்று மாதம். என் துறைத்தலைவரும் நான்கைந்து ஆசிரியர்களும் சாப்பிட வந்திருந்தார்கள். நான் மாணவனாக இருந்தபோது பொதிகை மலை உச்சி வரைக்கும் ஏறியதை விவரித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேகம் காலுக்குக் கீழே போனது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, இந்த ஜன்னல் வழியாக அப்பளத் தட்டை நீட்டிக்கொண்டே லீலா சிரிக்கிறாள். "பாணதீர்த்தத்துலயே அட்டை கடிச்சு உட்கார்ந்துட்டேன்னுல்லா எங்கிட்ட சொன்னீங்க?"

பாணதீர்த்தம் என்பது மலை ஏற்றம் தொடங்குகிற இடத்து அருவி. மேசையே அதிர்ந்தது சார். இலையில் சாம்பார் ஓடுகிறது, ஒருவனும் கவனிக்கவில்லை, அப்படிச் சிரிப்பு. துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வே தங்கதுரை, உம்ம வீட்டு ஜன்னலுக்கு வாய் ஜாஸ்தி வே!" அடுத்த ஒரு வருடம் கல்லூரியில் என் பெயர் அட்டை. வகுப்பில் கரும்பலகையில் எழுதி வைத்தார்கள்.

லீலா அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து பேசினாள். அட்டை எப்படிக் கடிக்கும், ஏன் வலிக்காது, ரத்தம் ஏன் உறையாது என்றெல்லாம் இந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் சொன்னாள். துறைத்தலைவர் சாப்பிட மறந்து கேட்டார்.

மறு வாரம் கொத்தனார் வந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புகை.

நீங்கள் அந்த ஜன்னலையே பார்க்கிறீர்கள். பரவாயில்லை. நான் என்னையே விசாரித்துக்கொள்கிற ஆள் சார். அந்தக் குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த ஐந்து மாதமாகத் தினமும் காலை நடையில் இதைத்தான் விசாரிக்கிறேன். ஜன்னலை அடைத்தது தவறா? வீட்டுக்காரன் ஒரு ஜன்னலை அடைக்கக்கூடாதா? மறந்துபோனது தவறா? மறதியை யார் குற்றம் சொல்ல முடியும்? அவளைக் கேட்காமல் செய்தது தவறா? அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்? கேள்வியெல்லாம் கடுமையாகத்தான் தொடங்குகிறது. முடிவில் ஒவ்வொரு முறையும் எப்படியோ நான் விடுதலையாகிவிடுகிறேன். அதுதான் எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

என் டைரியையும் எடுத்துப் பார்த்தேன். எல்லா வருடமும் வைத்திருக்கிறேன். தொண்ணூற்றிரண்டு, டிசம்பர் பதினெட்டு: "சமையலறைச் சுவர் வேலை முடிந்தது. வீடு அமைதி." புகை என்று எழுதவில்லைதான். எழுதவில்லை என்பதால் புகை இல்லை என்று ஆகிவிடாது. எந்த வரலாற்று மாணவனும் சொல்வான்.

சரி. ஜன்னலைத் திறந்தார்கள். இதோ, இந்தச் சட்டம் தேக்கு, பழைய பரணின் கதவிலிருந்து எடுத்தது. இரண்டு சின்னக் கதவு. வேலை முடிந்த அன்றைக்கு லீலா அந்தப் பக்கம் நின்று திறந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் எதுவும் செய்யவில்லை, முழங்கையை ஊன்றிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த ரோஷினி போட்டோ எடுக்கிறாள், கண்ணைக் கசக்குகிறாள். இதற்கென்ன அழுகை? வாடிக்கையாளர் வீட்டில் அழலாமா? அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டிலும் அழுவாள்.

ஆட்களெல்லாம் போன பிறகு லீலா என்னைப் பார்த்தாள். ஜன்னலை மூடினாள். கொண்டியைப் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் திறப்பதில்லை. சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, எல்லாம் கதவு வழியாகச் சுற்றித்தான் வருகிறது. "சாப்பாடு." "மாத்திரை." "கொத்தமல்லி." தந்தி மாதிரி. ஆனால் பால்காரர் வந்து தட்டினால் திறக்கும். எதிர்வீட்டு டீச்சர் தட்டினால் திறக்கும், ஒரு மணி நேரம் திறந்திருக்கும். இவா போனில் கூப்பிட்டால் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதே சிரிப்பு சார், அப்பளத் தட்டுச் சிரிப்பு. முப்பத்துமூன்று வருடமாக நான் ஊரெல்லாம் சொன்னேன், என் மனைவி பேசாதவள் என்று.

இப்போது சொல்லுங்கள், இது டிசைன் கோளாறா இல்லையா? கொண்டியை யாராவது சமையலறைப் பக்கம் மட்டும் வைப்பார்களா? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஆன்ட்டி அப்படித்தான் வேணும்னாங்க சார்" என்கிறாள். நான் ஒருவன் இந்த வீட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் கொண்டி எந்தப் பக்கம் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பேச்சில் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை பாருங்கள். "லீலா! சார் வந்திருக்காங்க! காபி!"

பார்த்தீர்களா? சத்தமே இல்லை. காது கேட்கும், நன்றாகக் கேட்கும். நீங்கள் எழுந்து போய்த் தட்டுங்கள். பரவாயில்லை, தட்டுங்கள். சும்மா விரலால்.

...

பார்த்தீர்களா? "வாங்க, உட்காருங்க, சீனி போடலாமா, உங்க வீட்டுலயும் மொசைக்கா, அதை மட்டும் எடுத்துடாதீங்க." எத்தனை கேள்வி! ரோஷினியைப் பற்றிக் கேட்டதற்கு என்ன சொன்னாள்? "தங்கமான பிள்ளை. சுவரு பேசுறது அதுக்குக் கேட்கும்." அவள் உங்களிடம் பேசியதில் பாதி நான் ஐந்து மாதத்தில் கேட்டதில்லை. டம்ளர் இரண்டு வைத்தாள், கவனித்தீர்களா? என்னுடையதில் சீனி இல்லை. சர்க்கரை எனக்கு ஒரு வருடமாக. மறக்கவில்லை அவள். மறுபடி மூடிவிட்டாள்.

தட்டினால் திறக்கிறாள். அதுதானே சொல்ல வருகிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இவாவும் சொன்னாள். "ஒரு தடவை நீங்க தட்டிப் பாருங்களேன் அப்பா." என் வீட்டில், என் அப்பா வைத்த ஜன்னலை, நான் அந்நியன் மாதிரி தட்ட வேண்டுமாம். கூப்பிட்டால் போதாதா? முப்பத்துமூன்று வருடம் கூப்பிட்டுத்தானே வந்தாள்?

குடியுங்கள், ஆறிவிடும்.

பாணதீர்த்தம் கூட இல்லை சார். அதற்கும் முன்னாலேயே ஒரு பாறை இருக்கிறது. கணுக்காலில் இரண்டு அட்டை. நான் ஓவென்று அழுதேன். இருபது வயதில். கூட வந்த மூன்று பேரும் மேலே போனார்கள். அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் இரண்டு நாள் ஒரு காவல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். உச்சியில் மேகம் எப்படி இருந்தது என்று அவர்கள் சொன்னதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். இதை நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன், கல்யாணமான முதல் மாதம். அவளாகக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை அன்றைக்கு. என் கணுக்காலைத் தொட்டு, எந்த இடம் என்று கேட்டாள். மேசையில் அத்தனை பேர் முன்னால் பாணதீர்த்தம் என்றுதான் சொன்னாள். பாறையைச் சொல்லவில்லை. அழுததைச் சொல்லவில்லை.

இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான்.

சத்தமாகப் பேசிவிட்டேனோ? உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கவனித்தீர்களா? சற்று முன்புவரை கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணிடம் வேலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். கொடுங்கள், கொடுக்காமல் போங்கள். எனக்கென்ன.

சார், ஒரு உதவி. அதோ அந்தப் பிளான் இருக்கிறதே, அதன் முன்னால் போய் நில்லுங்கள். அப்பாவின் கையெழுத்து. நிதானமாகப் பாருங்கள், போர்டிகோவிலிருந்து தொடங்குங்கள். ஒரு நிமிடம் இந்த ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டாம்.